இருபத்திரண்டு பின்களின் எடை

ஏப்ரல் 17

ஆய்வகத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. எந்த வேலையை எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன், எப்போது முடிந்தது என்று மட்டும்தான் அதில் எழுதலாம். போன வாரம் ‘ஏசி மறுபடியும் மண்டையைப் போட்டது’ என்று எழுதிவைத்தேன். ரங்கபாஷ்யம் சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘குளிரூட்டி இயங்கவில்லை’ என்று மேலே எழுதியிருந்தார். அவர் என் ஆய்வுக்கு வழிகாட்டி, எங்கள் பிரிவுக்குத் தலைவர். யார் எதை எழுதினாலும் திருத்தாமல் தூங்க மாட்டார். அதனால்தான் எனக்கென்று இந்தத் தனி நோட்டு. இதில் ஏசி தாராளமாக மண்டையைப் போடலாம்.

இன்று கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டோம். ஆறு வருஷ உழைப்பு.

நான் செய்வது இதுதான். செம்பு, நிக்கல், வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகத்தைக் கம்ப்யூட்டருக்குள் அணு அணுவாக அடுக்குவேன். ஒரு பெட்டிக்குள் இருபது லட்சம் அணுக்கள். நிஜத்தில் அந்தப் பெட்டி தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன்மேல் ஒரு கடினமான முனையை அழுத்தி இழுத்தால் தடம் விழும். எத்தனை அணு பிய்ந்தது என்று எண்ணினால் தேய்மானம் தெரிந்துவிடும். எங்கள் கலவையில் விழுந்த தடம் தானே ஆறிவிடுகிறது. பிய்ந்த அணுக்கள் திரும்ப வந்து பள்ளத்தை அடைத்துக்கொள்கின்றன. தேய்மானம் கிட்டத்தட்டப் பூஜ்யம். இதை முதன்முதலில் பார்த்தபோது சார் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார்.

எதிர் அறையில் இருக்கும் சவரிமுத்துவின் பின்கள்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கின்றன. அவர் எங்கள் டெக்னீஷியன். அதே கலவையை நிஜமாகவே வார்த்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பின் செய்து, சுழலும் தட்டின்மேல் அழுத்தித் தேய்ப்பார். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் எடை பார்ப்பார். என் கணக்குப்படி எடை குறையவே கூடாது. அவருக்கு ஒவ்வொரு முறையும் குறைகிறது. மெருகு சரியில்லை, பொருத்தியது கோணல் என்று சார் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்கிறார். ஏழு மாதத்தில் பத்தொன்பது பின் ஆகிவிட்டது.

ஏப்ரல் 22

சவரிமுத்து என்னைக் கூப்பிட்டார். “மேடம், இந்தப் பின்னைக் கொஞ்சம் தராசுல வைக்கிறீங்களா?” என்றார்.

இருபது வருஷமாக இடுக்கியால் எடுத்துத் தராசில் வைக்கிற மனிதர். வைக்கும்போது தராசுக்கே தெரியாது. “ஏன், உங்க கைக்கு என்ன? மருதாணி வச்சிருக்கீங்களா?” என்றேன். சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இருபதாவது பின். 1.4 மில்லிகிராம் குறைவு. தராசில் எண்ணைப் படித்துவிட்டுத் திரும்பினால், அவர் தன் வலது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேன்டீனுக்குப் போனோம். “அரை டம்ளர் போதும்” என்று டீ வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். சர்க்கரையைக் குறைக்கிறார் போலிருக்கிறது.

ஏப்ரல் 29

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. என் வீட்டுக்காரர் வேதியியல் வாத்தியார். இனி ஒரு மாதம் வீட்டில் என்ன பரிசோதனை நடக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். மொட்டை மாடியில் வடாம் பிழிகிறார். முதல் ஈடு காக்காய்க்குப் போனது. இரண்டாம் ஈட்டுக்குக் காவலாக என் துப்பட்டாவைக் கொடியில் கட்டியிருக்கிறார். நல்ல துப்பட்டா அது.

மே 4

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். திருச்சிக்கு இது தனியாக வேறு வேண்டுமா?

ஆண்டு மலருக்கு அட்டைப்படம் எங்கள் பிரிவிலிருந்தாம். தடம் ஆறுகிற காட்சியைத்தான் போட வேண்டும் என்கிறார் சார். “சாம்பல் கலர்ல குடுத்துடாதம்மா, சிமெண்ட் விளம்பரம் மாதிரி இருக்கும். கலரா பண்ணு” என்றார்.

மே 7

பெட்டியை நான்கு பட்டையாகப் பிரித்து வண்ணம் கொடுத்தேன். இடது ஓரம் மஞ்சள், அடுத்தது பச்சை, பிறகு நீலம், வலது ஓரம் சிவப்பு. ஓர் அணு எங்கே கிளம்பியதோ அந்த நிறம் கடைசிவரை அதனோடு இருக்கும். பார்க்கக் கோலம் போல அழகாக இருந்தது.

முனை இழுபட்டு முடிந்ததும் படத்தை எடுத்தேன். மஞ்சள் பட்டையில்தான் தடம் தொடங்குகிறது. அங்கே பள்ளம் அடைபட்ட இடத்தில் சிவப்பு. நிறையச் சிவப்பு.

காபி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். சிவப்புதான். நிறம் கொடுத்ததில் ஏதோ குளறுபடி செய்திருப்பேன். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

மே 8

வடாம் நன்றாகக் காய்ந்துவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

மே 11

எல்லா அணுவையும் ஒரே சாம்பலில் போட்டு அனுப்பிவிட்டேன். “சிமெண்ட்” என்றார் சார். “டீசன்ட்டா இருக்கு சார்” என்றேன்.

மே 15

இருபத்திரண்டாவது பின். சார் நேரே எதிர் அறைக்கே போய்விட்டார். நானும் போக வேண்டியதாயிற்று.

“சவரி, அங்கயற்கண்ணி கணக்குல பூஜ்யம் வருது. உன் கையில மட்டும் எப்படிப்பா ஒண்ணரை மில்லி போகுது?”

“தெரியல சார். மன்னிச்சுக்குங்க” என்றார் சவரிமுத்து.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதை அவ்வளவு நேரம் நான் துடைத்ததே இல்லை.

மாலையில் சாரின் மேசையில் ஒரு கடிதம் பார்த்தேன். சவரிமுத்துவின் கையெழுத்து. உடல்நிலை காரணமாக ஜூன் ஒன்று முதல் ஆய்வகத்தை விட்டு ஸ்டோருக்கு மாற்றிவிடும்படி கேட்டிருக்கிறார். சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, மாதக் கடைசியில் போடுவார். ஸ்டோரில் வேலை கம்மி, எண்ணி எடுத்துக் கொடுத்தால் போதும். அவருக்கு நல்லதுதான்.

மே 19

“யாரையாவது அடிச்சுட்டு வந்துட்டியா?” என்று இவர் கேட்டார்.

“இல்லையே.”

“அப்ப ஏன் நாலு நாளா சாமி படத்தைப் பார்க்காமலே விளக்கேத்துற?”

பெட்டியை மூன்று மடங்கு நீளமாக்கி மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டரில் எனக்கு முன்னால் ஏழு வேலை வரிசையில் நிற்கிறது, அதுதான் கவலை என்றேன்.

“ஏழும் யாரோடது?”

ஐந்து என்னுடையதுதான். அதைச் சொல்லவில்லை. குழம்பில் உப்பில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். குழம்பு வைத்ததே நான்தான்.

மே 21

காலையில் வாசலில் சவரிமுத்துவைப் பார்த்தேன். அவர் மனைவி ஜெசிந்தா ஸ்கூட்டர் ஓட்ட, மடியில் சாப்பாட்டுப் பையோடு அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். “என்ன, மகாராஜா பவனி வர்றாப்ல இருக்கு” என்றேன்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “அவரு வண்டியைத் தொட்டு ஆறு மாசமாச்சு மேடம். பாப்பாவைப் பின்னாடி வச்சு ஓட்ட பயமா இருக்குன்னுட்டாரு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“எங்கப்பா பாலக்கரையில டெய்லர் மேடம். நாப்பத்தஞ்சு வயசுல ஊசியில நூல் கோக்க முடியாமப் போச்சு. அப்புறம் டம்ளர் பிடிக்க முடியல. கடைசியில சட்டை பட்டன்கூட அம்மாதான் போட்டுவிடும். எனக்கு வர்ற ஆகஸ்ட்ல நாப்பத்தஞ்சு.”

“டாக்டரைப் பார்த்தீங்களா?”

“ரெண்டு பேரைப் பார்த்தாச்சு. கையை நீட்டச் சொன்னாங்க, வட்டம் போடச் சொன்னாங்க. ஒண்ணுமே இல்லங்கறாங்க. ஆனா பின்னு பொய் சொல்லாதுல்ல மேடம்? கம்ப்யூட்டர் பூஜ்யம்னு சொல்லுது, என் கையில ஒண்ணரை போகுது. அப்ப கண்ணுக்குத் தெரியாம நடுங்குதுன்னுதானே அர்த்தம்?”

“ஏசி ரூமைப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 22

எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்கு ஓரம் இருந்தால் ஓரத்து அணுக்கள் அந்தரத்தில் நின்று தொல்லை கொடுக்கும். அதனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வலது ஓரத்தில் வெளியேறும் அணு இடது ஓரம் வழியாக உள்ளே வந்துவிடும்படி வைப்போம். பெட்டி போதிய நீளம் இருந்தால் இதனால் கெடுதல் இல்லை. சின்னப் பெட்டி என்றால், முனை தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகிற குப்பை வலப்பக்கம் வெளியேறி இடப்பக்கம் வந்து, முனை தோண்டிய பள்ளத்திலேயே விழும். வாசலில் பெருக்கித் தள்ளிய தூசி கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் வருவது போலத்தான். அதைப் பார்த்து வீடு தானே சுத்தமாகிறது என்று நான் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

தடம் ஆறவில்லை. சிவப்பு அணுக்கள் சுற்றிக்கொண்டு வந்து மஞ்சளில் விழுந்திருக்கின்றன.

முந்தைய கலவைகளுக்கெல்லாம் நீளமான பெட்டிதான் போட்டேன். இதில் மூன்று உலோகம், கணக்கு மெதுவாக ஓடும். அதனால் முதலில் வெள்ளோட்டத்துக்கு ஒரு சின்னப் பெட்டி. கோப்பின் பெயரே ‘சோதனை-2’. சோதனையில் தடம் ஆறியது, சார் எழுந்து நின்றார், அதோடு பெட்டியை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். எல்லோரும் இப்படிச் செய்வதில்லை.

மே 7 அன்றே எனக்குத் தெரியும். மே 15 அன்று கண்ணாடி துடைக்கும்போதும் தெரியும்.

இன்று காலை என்னுடைய ஐந்து வேலைகளையும் ரத்து செய்தேன். நீளமான பெட்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஆறு நாள் ஆகும்.

மே 25

ஏசி மண்டையைப் போட்டது. கம்ப்யூட்டர் அறை இட்லிக் குண்டானாகிவிட்டது. சூடு இன்னும் கொஞ்சம் ஏறினால் எல்லாம் தானாக அணைந்துவிடும். மூன்று நாள் ஓடியதெல்லாம் வீணாகிவிடும்.

மெக்கானிக் மாலைதான் வருவான் என்றார்கள். சவரிமுத்து கேள்விப்பட்டு, யாரும் சொல்லாமலே மூன்று டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். கேன்டீனிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு ஃபேனுக்கு முன்னால் நிறுத்தினார். மணிக்கொரு தரம் வந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது ஐஸ் நிரப்பினார். “முக்கியமான வேலையா மேடம் ஓடுது?” என்று கேட்டார்.

“ரொம்ப முக்கியம்” என்றேன்.

“அப்ப அணையக் கூடாது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஐஸுக்குப் போனார். அவர் போனதும் உட்கார்ந்து அழுதேன். ஃபேன் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

மே 28

காலை பத்தே முக்காலுக்கு முடிந்தது.

தடம் அப்படியே இருக்கிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நல்ல, ஆழமான, ஆறாத தடம். பிய்ந்த அணுக்கள் முனைக்கு முன்னால் குவிந்து கிடக்கின்றன. மஞ்சளில் ஒரு சிவப்புகூட இல்லை. எங்கள் கலவை மற்ற எல்லாக் கலவையையும் போலச் சாதாரணமாகத் தேய்கிறது.

ஆறு வருஷம் போனது தெரிந்ததும் நெஞ்சு அடைக்கும் என்று நினைத்திருந்தேன். அடைக்கவில்லை. மூன்று வாரமாக முதுகில் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. பசித்தது. டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தை அப்போதே சாப்பிட்டேன்.

சாரிடம் முதலில் சொல்வதுதான் முறை. முறையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எதிர் அறைக்குப் போனேன். சவரிமுத்து அலமாரியைக் காலிசெய்துகொண்டிருந்தார். எடை நோட்டைக் கேட்டேன். கொடுத்தார். நாங்கள் யாரும் அதை உட்கார்ந்து படித்ததில்லை. ஒவ்வொரு பின்னுக்கும் பூஜ்யம் வரவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம்.

இருபத்திரண்டு பின்னையும் வரிசையாகப் படித்தேன். 1.4. 1.4. 1.3. 1.5. 1.4. எட்டு மாதம், இருபத்திரண்டு தடவை. ஒன்று புள்ளி மூன்றுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒன்று புள்ளி ஐந்துக்கு மேலே ஒன்றுமில்லை.

“சவரிமுத்து, தப்பு என்னோடது” என்றேன். பெட்டி, ஓரம், சிவப்பு அணு எல்லாவற்றையும் சொன்னேன். “இந்த உலோகம் தேயத்தான் செய்யும். உங்க எடைதான் சரி. இங்க பாருங்க, இருபத்திரண்டு தடவையும் ஒரே எடை. நடுங்குற கையில ஒரு தடவை ஒண்ணு வரும், ஒரு தடவை மூணு வரும். இப்படி வராது.”

நோட்டை வாங்கிக்கொண்டார்.

“எட்டு மாசம் மேடம்” என்றார்.

“ஆமா.”

“பாப்பா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு மூணு பேரும் பஸ்ல போனோம். வண்டி வீட்ல நிக்குது, ஜெசிந்தா அப்ப ஓட்டப் பழகல.”

மன்னிச்சுக்குங்க என்றேன். அது அவர் சாரிடம் சொன்ன அதே வார்த்தை என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

“அன்னிக்கு சார் இங்க வந்து கேக்கும்போது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. “தெரியும்” என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு வேண்டியதுதான், நின்று வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் நோட்டைத் திறந்து, எண்கள்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினார். ஒவ்வொன்றையும் வாய்க்குள் படித்தார். கடைசி எண்ணுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

“நல்லாத்தானே பண்ணியிருக்கேன்?”

“ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் என் மேசைக்குத் திரும்பினேன். கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ, இரண்டும் விளிம்புவரை. கேன்டீனிலிருந்து எங்கள் மாடிக்கு இருபத்தாறு படி. ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, மற்றதோடு போய்விட்டார். மேசையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மே 29

சாரிடம் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“சின்னப் பெட்டியா?”

“சின்னப் பெட்டி சார்.”

“என்ன நீளம்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. பதில் எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு” என்றார். “தானே ஆறுதுன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்லும்போது உள்ள ஒரு கலக்கம் இருக்கும்மா. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். நல்லவேளை.”

அவருக்கும் மூட்டை இருந்திருக்கிறது!

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு நானே எழுதினேன். சார் திருத்தவே இல்லை. பிறகு அந்த மாற்றல் கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனார், நானும் போனேன். “சவரி, தப்பு எங்க பெட்டியில. உன் கையில இல்ல. நான் அன்னிக்குப் பேசினது அபத்தம்” என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே கடிதத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். அந்தப் பேனா செய்த முதல் நல்ல காரியம். சவரிமுத்து கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜெசிந்தாவிடம் காட்டவாம்.

அக்கினி நட்சத்திரம் முடிந்துவிட்டதாம். வெயில் ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்கு வந்து வடாம் பொரித்தோம். இவர் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார். இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 3

புதுக் கட்டுரைக்கு வேலை தொடங்கிவிட்டது. முதல் பக்கத்தில் சவரிமுத்துவின் எடைப் பட்டியல், என் பெட்டி அதற்குப் பின்னால். அவர் பெயரும் எங்கள் பெயர்களோடு வருகிறது. என்னோடு இன்னும் முன்புபோல் பேசுவதில்லை. வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். பொறுத்திருக்க வேண்டியது நான்தான்.

காலையில் வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மகள். இறங்கி எனக்குக் கை காட்டினாள்.

இருபத்திமூன்றாவது பின். தராசில் வைக்கக் கூப்பிடுவாரோ என்று கதவோரம் போய் நின்றேன். இடுக்கியால் எடுத்தார், வைத்தார், கண்ணாடிக் கதவை மூடினார். 1.4.

என்னைக் கூப்பிடவில்லை.